பதினாறு

மார்கழி பிறந்து ஒன்பதாம் நாள்
தவிட்டு மூட்டையின் வாயைக் கட்டினேன்.
இரட்டை முடிச்சு.
என் கையை எனக்குத் தெரியும்.

ஆடியில் விட்டது எழுநூறு குஞ்சு.
கட்லா, ரோகு, சாதாக் கெண்டை.
ஜிலேபி வேண்டாம்மா,
ஜவ்வாது மலைக் குளிருக்குச் செத்து மிதக்கும் என்று
போளூரில் குஞ்சு விற்றவரே சொன்னார்.
விற்கிறவன் வேண்டாமென்றால்
நம்பத்தான் வேண்டும்.

புரட்டாசியில் என் கொலுசுக்கே ஓடி வந்தவை.
பிண்ணாக்கு உருண்டை தண்ணீரைத் தொடுமுன்
குட்டை முழுக்க வாய்.
இப்போது கரையை மூன்று சுற்று நடந்தாலும்
என்னைத் தெரியாதவள் மாதிரி
கிடக்கிறது தண்ணீர்.

எவ்வளவு குளிர் என்று பார்க்க
வேலூரில் நர்சிங் படிக்கிற மகளைக் கேட்டேன்.
ஜமுனாமரத்தூர் பஸ் கண்டக்டரிடம்
காய்ச்சல் பார்க்கிற கோல் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள்.
முக்கினேன்.
ஒரு கோடும் ஒரு சுழியும் காட்டி
அணைந்துவிட்டது.
மனுசச் சூட்டுக்குக் கீழே
அதற்கு எண்ணத் தெரியாதாம்.

பிறகு லாங் பஜாரில் அலைந்து
கண்ணாடித் தொட்டிக்கு மாட்டுகிற கோலை அனுப்பினாள்.
கயிற்றில் கட்டி ஆழத்துக்கு விட்டு
நூறு எண்ணி, வெடுக்கென இழுத்தேன்.
பதினாறு.

பதினாறுக்கு என்ன செய்வது?
ஒன்றும் செய்யக்கூடாது.
கரை வெட்டச் சொல்லியிருந்தால் வெட்டியிருப்பேன்.
குளிரில் மீன் வயிறு தணல் போன அடுப்பு.
போட்டால் தின்னாது,
தின்றாலும் செரிக்காது,
மிஞ்சியது அடியில் அழுகி
அதுகளின் காற்றைத் தின்னும்.
வலை போடாதே, கலக்காதே, கல்லெறியும் பையனை விரட்டு.
அவ்வளவுதான்.
சாமைக் கதிர் அடித்துவிட்டு வந்த செவத்தான்
மூட்டை முடிச்சைப் பார்த்துச் சிரித்தார்.
"எனக்காவது சோறு உண்டா?"

மூன்று நாள் வெயில் இல்லை.
மேகம் மலையை விட்டு இறங்கவேயில்லை.
நாலாம் விடியலில் பார்த்தால்
குட்டை முழுக்க வாய்.

பசிதான் என்று ஓடினேன்.
ஒரு முடிச்சு அவிழ்ந்தது, இரண்டாவதில் நகம் பிளந்தது.
அந்த வலியில்தான் திரும்பிப் பார்த்தேன்.
கொலுசுக்கு வரவில்லை அவை.
வாய் திறக்கிறது, மூடுகிறது,
எதையும் கவ்வவில்லை.
பசியில்லை.
மூச்சு.

இடுப்பளவு இறங்கினேன்.
குளிர் என் எலும்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
குடத்தில் மொண்டு தலைக்கு மேல் தூக்கி ஊற்றினேன்,
குட்டைத் தண்ணீரைக் குட்டைக்கே.
செவத்தான் அக்கரையில் நின்று
மூங்கிலால் தண்ணீரை அடித்தார்,
ஏதோ பழைய கோபம் இருப்பதுபோல.
எட்டரைக்குச் சூரியன் தலை காட்டியது.
ஒவ்வொரு வாயாக
உள்ளே போயிற்று.

செத்தது நாலு.
ஒன்றின் விலாவில் சிவந்த புண்.
சுண்ணாம்பைக் கரைத்துக் கரையோரம் தெளித்தேன்.
பொங்கலுக்கு மீன் கேட்டு வந்த வியாபாரியை
வெறுங்கையோடு அனுப்பினேன்.
திட்டிக்கொண்டே மலை இறங்கினார்.

சாயங்காலம் மகளுக்குப் போன்.
தினமும் கேட்பது ஒன்றுதான்: சாப்பிட்டியா?
தினமும் வருவது ஒன்றுதான்: ம்.
அன்றைக்கு நாக்கு வேறு பக்கம் திரும்பியது.
"மூச்சு விட முடியுதா பொன்னி, அங்கே?"
எதிர்ப்பக்கம் சத்தமேயில்லை.
யாரோ ஹாஸ்டல் வராந்தாவில்
வாளியை இழுத்துக்கொண்டு போகிற ஓசை.
"என்னம்மா கேள்வி இது," என்றாள்.
பிறகு, "இரு, மாடிக்குப் போய்ப் பேசறேன்."
மாடிப்படிகளை எண்ணினேன்.
நாற்பத்தொன்றில் டவர் போய்விட்டது.

திரும்பக் கூப்பிடவில்லை நான்.
அடுப்பு அணையும்வரை
போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.
பத்து மணிக்கு அதுவாக அடித்தது.

தை இருபத்திரண்டு.
கோல் பத்தொன்பது காட்டுகிறது.
கொலுசு கேட்டு
ஒரே ஒரு கெண்டை மேலே வந்து
பார்த்துவிட்டுப் போனது.

ஒரு முடிச்சை மட்டும்
அவிழ்த்து வைத்திருக்கிறேன்.